முன்னுரையோடு நின்றவர்

கடையில் அவருக்கு முன்னுரை என்றுதான் பெயர். வைத்தது பில் போடும் அம்மா. "எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முன்னுரைய மனப்பாடமா ஒப்பிக்கிறாரு. உள்ள என்ன இருக்குன்னு கேட்டா மட்டும் தண்ணி குடிக்கப் போயிடறாரு" என்று ஒருநாள் விளையாட்டாகச் சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது. அவருக்கும் அதில் பெரிய வருத்தம் இல்லை. ஒருவரை மொட்டை என்றும் இன்னொருவரைத் தூங்குமூஞ்சி என்றும் கூப்பிட்ட கடையில் இது கொஞ்சம் படித்த பெயர்.

அது மூன்று மாடிப் புத்தகக் கடை. கீழே பள்ளிக்கூடப் புத்தகங்கள், நடுவில் நாவல்களும் உடம்பு இளைக்க வழி சொல்லும் புத்தகங்களும். மேல் மாடி கம்ப்யூட்டர் பிரிவு, முன்னுரையின் ராஜ்யம். தலையணை தடிமனில் புத்தகங்கள், கண்ணாடி அலமாரியில் கேபிள்கள், கற்றுக்கொள்கிறவர்கள் வாங்கிப் போகும் சின்னச் சின்ன சர்க்யூட் பலகைகள், பழகிப் பார்க்க மலிவான போன்கள். லிஃப்ட் கிடையாது. மூச்சு வாங்க ஏறி வருகிறவர்களுக்கு முதலில் நாற்காலி போட்டு உட்கார வைப்பார். பிறகுதான் பேச்சு.

பேச்சு என்றால் அப்படி ஒரு பேச்சு. "புதுசா ஒரு சிஸ்டம் வந்ததும் முதல்ல வர்ற புத்தகத்தைத் தொடாதீங்க. அது சிஸ்டம் முழுசா வெளிய வர்றதுக்கு முன்னாடியே அவசர அவசரமா எழுதினது. படத்துல இருக்கிற பட்டன் உங்க திரையில இருக்காது, நீங்க நாள் முழுக்கத் தேடிக்கிட்டு இருப்பீங்க" என்பார். எந்தப் புத்தகம் படம் காட்டியே பக்கத்தை நிரப்பியிருக்கிறது, எதை எழுதியவர் நிஜமாகவே கையை அழுக்காக்கியவர், எதற்குத் திருத்தப் பட்டியல் தனியாக வந்திருக்கிறது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. கருவிகளும் அப்படித்தான். எழுதுவதற்கு எது, ஓட்டிப் பார்ப்பதற்கு எது, எது இலவசம் என்று வந்து கம்ப்யூட்டரையே படுக்க வைத்துவிடும் என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். கேட்டுக்கொண்டு போனவர்களில் பலர் நல்ல வேலைக்குப் போனார்கள். சிலர் கார் வாங்கிய பிறகும் படியேறி வந்து கை குலுக்கிவிட்டுப் போனார்கள்.

இவ்வளவு சொன்ன மனிதர் வாழ்க்கையில் ஒரு ப்ரோக்ராம்கூட எழுதி முடித்ததில்லை.

ஆசை இல்லாமல் இல்லை. ஆசைதான் அவரை ஆட்டிவைத்தது. ஒவ்வொரு புது சிஸ்டம் வரும்போதும் நல்ல புத்தகமாகத் தேர்ந்தெடுத்து, கருவிகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, மேஜையைத் துடைத்து, பென்சில் சீவி உட்காருவார். முதல் அத்தியாயம் வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு போகும். இரண்டாவதும் போகும். மூன்றாவதில் எங்கேயாவது திரையில் சிவப்பாக ஒரு வரி வரும், பிழை என்று. எழுதத் தெரிந்த எவரும் அந்த இடத்தில் தான் அடித்த வரியைத் திரும்பிப் பார்ப்பார்கள். இவர் புத்தகத்தின் அட்டையைப் பார்ப்பார். "இது சரியில்ல. இன்னும் தெளிவா ஒண்ணு வந்திருக்குமே" என்று எழுந்துவிடுவார். அடுத்த புத்தகத்திலும் முதல் அத்தியாயம் வெண்ணெய்தான். அதனால், தான் முன்னேறிக்கொண்டே இருப்பதாக அவர் மனதார நம்பினார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. பொய் சொல்கிறவராக இருந்திருந்தால் யாராவது என்றைக்காவது கண்டுபிடித்துத் தொலைத்திருப்பார்கள்.

அவருடைய மனைவிக்கு மட்டும் தெரியும். மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவர். மருந்துச்சீட்டை மட்டும் காட்டிவிட்டு மருந்து வாங்காமல் போகும் ஆட்களைத் தினமும் பார்த்துப் பழகியவர். வீட்டில் ஒரு அலமாரி நிறைய, வந்த வேகத்தில் செத்துப்போன சிஸ்டங்களின் புத்தகங்கள் இருந்தன. தூசி தட்டும்போதெல்லாம் "இதுங்களுக்கு மாலைதான் போடணும்" என்பார். அதற்கு மேல் அவர் எதுவும் சொன்னதில்லை. குடிக்காத, கைநீட்டாத புருஷனுக்கு ஒரு பைத்தியம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருந்தார்.

புருஷனுடைய தங்கச்சி விஷயத்தில் மட்டும் அந்த மனைவியால் அப்படி விட முடியவில்லை.

முன்னுரைக்கு ஒரே தங்கச்சி. கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டியவர், திடீரென்று போய்ச் சேர்ந்துவிட்டார். வேனை விற்றுவிடு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அவள் விற்கவில்லை. தானே ஓட்டக் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொள்ளும்போது பள்ளிக்கூட வாசல் தூணை ஒரு இடி, வேறொருவர் சுற்றுச்சுவரை ஒரு இடி. அந்தச் சமயத்தில் அண்ணன் அவளுக்கு ஓட்டக் கற்றுத்தரும் தடிப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். ஆள் குள்ளம் என்பதால் அவள் அதை சீட்டில் போட்டு மேலே உட்கார்ந்துகொண்டாள். "ரொம்ப உபயோகமா இருக்குண்ணா" என்றாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, சிரித்தார். அண்ணன் தங்கச்சிக்குள் அப்படி ஒரு ஒட்டுதல்.

அந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் ஒரு புது நிபந்தனை போட்டார்கள். வேன் எங்கே வருகிறது என்று பெற்றோர்கள் தங்கள் போனில் பார்க்க வேண்டும். அதற்கு ஆப் வைத்திருக்கிற வேனுக்குத்தான் அடுத்த வருஷப் பிள்ளைகள். ஊரில் பாதிப் பேர் அப்போது புதிதாக வந்திருந்த ஒரு மலிவு போனுக்கு மாறியிருந்தார்கள். அதன் சிஸ்டமே வேறு. மற்ற போன்களில் ஓடுகிற எதுவும் அதில் ஓடாது. கடையில் வாங்க ரெடிமேடாக ஒன்றும் கிடைக்கவில்லை. யாராவது உட்கார்ந்து எழுதியாக வேண்டும்.

தங்கச்சி நேரே அண்ணன் வீட்டுக்கு வந்தாள். மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். சாப்பாட்டு மேஜையில் தலைமை ஆசிரியை சொன்னதை அப்படியே சொல்லிவிட்டு, "உன்னால முடியுமாண்ணா? முடியலைன்னா பரவாயில்ல, வெளிய யாரையாவது பாக்கறேன்" என்றாள்.

நியாயமாகக் கேட்டாள். தப்பித்துக்கொள்ளக் கதவையும் அவளே திறந்து வைத்துவிட்டுத்தான் கேட்டாள்.

"வெளிய எதுக்கு? நான் எதுக்கு இருக்கேன்?" என்றார் முன்னுரை.

"மாமா நீங்களே ஆப் எழுதுவீங்களா!" என்று மகள் வாயைப் பிளந்தாள். அந்த வாயைப் பார்த்ததும் அவருக்கு நெஞ்சு இன்னும் ஒரு சுற்று விரிந்தது.

அவர்கள் போனதும் மனைவி தட்டுகளை எடுத்துக்கொண்டே சொன்னார். "இத பாருங்க. இது உங்க அலமாரி இல்ல. அவ பொழப்பு. முடியாதுன்னா இப்பவே போன் பண்ணி சொல்லிடுங்க, யாரும் உங்களைக் குறைவா நினைக்க மாட்டாங்க."

"உனக்கு என்னைக்கு என் மேல நம்பிக்கை இருந்திருக்கு?"

"நம்பிக்கைய விடுங்க. நீங்க ஒண்ணையாவது முடிச்சு நான் பார்த்ததில்ல."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் சில நாள் உப்புச் சப்பில்லாமல் பேசிக்கொண்டார்கள்.

ஏற்பாடுகள் தடபுடலாக நடந்தன. அந்தப் புது சிஸ்டத்துக்கு வந்திருந்த எல்லாப் புத்தகங்களையும் கடையில் நின்றபடியே புரட்டி, மட்டமானதைக் கழித்து, நல்லதை வீட்டுக்குக் கொண்டுபோனார். இன்னொரு திரை வாங்கினார். மேஜையைச் சன்னல் பக்கம் திருப்பினார், வெளிச்சம் கண்ணில் அடித்ததால் மறுபடியும் சுவர்ப் பக்கம் திருப்பினார். பழகிப் பார்க்க அந்த மலிவு போனிலேயே ஒன்று வாங்கினார். எமுலேட்டர் என்று ஒரு கருவி உண்டு. கம்ப்யூட்டர் திரைக்குள்ளேயே ஒரு பொய்ப் போனைக் காட்டும். எழுதியதை நிஜப் போனில் ஏற்றுவதற்கு முன்னால் அதில் ஓட்டிப் பார்க்கலாம். அதை ஏற்றி முடித்த அன்று அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, வீடு கட்டி முடித்தவர் மாதிரி இருந்தார். அந்தப் பொய்ப் போனில் வணக்கம் என்று ஒரு சொல்லை வரவழைத்தார். முதல் அத்தியாயம்.

தங்கச்சி அதைப் பார்த்துவிட்டுக் கை தட்டினாள். "போனே உள்ள தெரியுதேண்ணா!"

மூன்றாவது அத்தியாயத்தில் வழக்கம்போல் சிவப்பு வரி வந்தது. முன்னுரை புத்தகத்தை மூடி அடுத்ததைத் திறந்தார். அதிலும் வந்தது. ஒருவேளை கருவியில்தான் கோளாறோ என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றினார். கொஞ்சம் பழைய கருவியை ஏற்றிப் பார்த்தார். அதைவிடப் புதியதை ஏற்றிப் பார்த்தார். அப்படியே மழைக்காலம் போயிற்று.

அந்த நாட்களில்தான் இன்சூரன்ஸ்காரர் படியேறி வந்தார். ஐம்பதை நெருங்குகிற ஆள், கழுத்தில் டை, கையில் தோல்பை. பாலிசி எடுப்பதெல்லாம் இப்போது போனிலேயே முடிந்துவிடுவதால் ஏஜென்ட்டுகளைக் கம்பெனி கழற்றிவிட்டுக்கொண்டிருந்தது. "எந்தப் போன் என் சோத்துல கைய வச்சுதோ, அந்தப் போன்லயே ஏதாவது கத்துக்கலாம்னு பாக்கறேன் சார்" என்றார். அவருக்கு அந்த மலிவு போனின் சிஸ்டம்தான் வேண்டும். வீட்டில் ஒரு வேலை இருக்கிறதாம்.

முன்னுரை அவரை உட்கார வைத்தார். பளபளப்பான இரண்டு புத்தகங்களை ஒதுக்கிவிட்டு, அழகே இல்லாத ஒரு ஒல்லிப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். "இதுல அச்சுப்பிழை இருக்கும். ஆனா எழுதினவன் வேலை செஞ்சு பார்த்தவன். ஒண்ணு மட்டும் சொல்றேன், கேட்டுக்கோங்க. சிவப்பா தப்பு காட்டும். பயந்துக்கிட்டு புத்தகத்த மாத்தாதீங்க. அந்தச் சிவப்பு வரியையே உக்காந்து படிங்க. எத்தனையாவது வரியில தப்புன்னு அதுலயே இருக்கும். நூத்துக்குத் தொண்ணூறு அது உங்க தப்பாத்தான் இருக்கும்."

இதை அவர் இருபது வருஷமாக எல்லோருக்கும் சொல்லிவருகிறார். அன்றைக்கும் கூச்சமில்லாமல் சொன்னார். சொல்லும்போது தன் மேஜை நினைவுக்கு வந்ததா என்றால், வரவில்லை. அது வேறு விஷயம், தன்னுடைய பிரச்சினை கருவிப் பிரச்சினை என்று அவர் உறுதியாக இருந்தார். இன்சூரன்ஸ்காரர் நடுநடுவே வந்து சந்தேகம் கேட்டார். எந்தப் பக்கத்தில் பதில் இருக்கும் என்று இவர் விரல் வைத்துக் காட்டினார். அவர் யார் வீட்டு மாப்பிள்ளை, வீட்டில் அப்படி என்ன வேலை என்று இவர் கேட்கவில்லை. மேல் மாடியில் இவருக்குப் புத்தகத்தைத் தவிர வேறு எதுவும் கேட்கத் தோன்றாது.

தங்கச்சி வரும்போதெல்லாம் "எந்த அளவுக்கு வந்திருக்குண்ணா?" என்பாள். காட்ட ஏதாவது வேண்டுமே. ப்ரோக்ராம் எழுதாமல் பொம்மை அடுக்குவது போலத் திரையை அடுக்கித்தர ஒரு கருவி இருந்தது. அதை வைத்துக்கொண்டு அவர் திரை வரைந்தார். மேலே பள்ளிக்கூடத்தின் பெயர், நடுவில் தெருப்படம், தெருவில் ஒரு குட்டி வேன், கீழே ஒரு பச்சைப் பட்டன். சொல்லக் கூடாது, அழகாகவே இருந்தது. போனில் ஏற்றிக் காட்டினார்.

தங்கச்சி மூக்குக்கு நேரே வைத்துப் பார்த்தாள். "நம்ம வண்டியேதாண்ணா இது! ஆனா நகரலையே?"

"நகர்றது கடைசி அத்தியாயம்" என்றார்.

அவள் நம்பினாள். அண்ணன் சொன்னால் அவளுக்கு அதற்கு மேல் பேச்சில்லை. கதவுக்குப் பின்னால் நின்ற மனைவி தலையில் அடித்துக்கொண்டார், சத்தம் வராமல்.

நாள் நெருங்கிக்கொண்டே வந்தது. சொல்லிவிடலாமா என்று முன்னுரை பலதடவை போனைக் கையில் எடுத்தார். என்ன என்று சொல்வது? முடியவில்லை என்றால், எத்தனை நாளாக என்று கேட்பாள். அதற்கு உண்மையான பதில், என்றைக்குமே என்பது. அந்த ஒரு பதிலை வாயில் இருந்து எடுக்கும் துணிச்சல் அவருக்கு வரவில்லை. இன்னும் ஒரு புத்தகம் வரப்போவதாகப் புத்தகக் கம்பெனிக்காரன் சொல்லியிருந்தான். அது வந்தால் ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று தன்னையே தேற்றிக்கொண்டார்.

புத்தகம் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் காட்ட வேண்டிய நாள் வந்துவிட்டது.

தலைமை ஆசிரியையின் அறையில் பெஞ்சு போட்டிருந்தார்கள். தங்கச்சி இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தாள். எதிர் பெஞ்சில் மஞ்சள் வேன்காரர், அதே பள்ளிக்கு மஞ்சள் நிறத்தில் நாலைந்து வேன் விடுகிற பெரிய கை. அவர் பக்கத்தில் கழுத்தில் டையோடு அவருடைய மாப்பிள்ளை. அந்த டையைப் பார்த்ததுமே முன்னுரைக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது.

இன்சூரன்ஸ்காரர் முதலில் காட்டினார். தலைமை ஆசிரியையின் போனிலேயே ஏற்றிக் கொடுத்தார். திரை அவலட்சணமாக இருந்தது. எழுத்து ஒரு பக்கம் பெரிதாக, ஒரு பக்கம் சின்னதாக. வேன்கூட இல்லை, வெறும் சிவப்புப் புள்ளி. ஆனால் வெளியே மஞ்சள் வேன் மைதானத்தைச் சுற்றி வந்தபோது, அந்தப் புள்ளியும் திரையில் நகர்ந்தது. தலைமை ஆசிரியை சன்னலையும் போனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார்.

அப்போதுதான் இன்சூரன்ஸ்காரர் முன்னுரையைக் கவனித்தார். எழுந்து ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மேடம், இதெல்லாம் என் திறமைன்னு நினைச்சுடாதீங்க. இந்த சார்தான் எனக்கு குரு. இவர் எடுத்துக் கொடுத்த புத்தகம், இவர் சொன்ன வழி. சிவப்பு வரியப் படின்னு ஒரு வார்த்தை சொன்னாரு பாருங்க, அதுலதான் எல்லாம் திறந்துச்சு!"

"அப்படியா!" என்றார் தலைமை ஆசிரியை. தங்கச்சியைப் பார்த்து, "அப்போ உங்களோடது இன்னும் பிரமாதமா இருக்கணுமே. குருவே பண்ணினதாச்சே" என்றார். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. நல்ல மனதோடு சொன்னார். அதுதான் இன்னும் சுட்டது.

முன்னுரை தன் போனை எடுத்து நீட்டினார். பள்ளிக்கூடத்தின் பெயர், தெருப்படம், குட்டி வேன், பச்சைப் பட்டன். அறையில் இருந்தவர்கள் "அழகா இருக்கே" என்றார்கள். தங்கச்சியின் வேனை ஒருவர் வெளியே ஓட்டிப் போனார். போனுக்குள் இருந்த குட்டி வேன் போட்ட இடத்திலேயே நின்றது. தலைமை ஆசிரியை பச்சைப் பட்டனை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். இன்சூரன்ஸ்காரர் எட்டிப் பார்த்தார். ஒரு நொடியில் அவருக்குப் புரிந்துவிட்டது. கற்றுக்கொண்டவர் ஆயிற்றே. பாவம், அவர் தலையைக் குனிந்துகொண்டு டையை நீவினார்.

"அந்தப் புத்தகத்துல ஒரு பிழை இருக்கு மேடம்" என்றார் முன்னுரை. "புது பதிப்புல சரி பண்றாங்களாம்."

தங்கச்சி அண்ணன் கையிலிருந்த போனை மெதுவாக வாங்கி, திரையை அணைத்து, அவர் சட்டைப் பையிலேயே வைத்தாள்.

பிள்ளைகள் எல்லாம் மஞ்சள் வேனுக்குப் போனார்கள். தலைமை ஆசிரியை நல்லவர்தான், தங்கச்சிக்கு ஒரு வழி சொன்னார். மஞ்சள் வேன்காரரிடம் டிரைவர் வேலை கேட்டுத் தருவதாகச் சொன்னார். மஞ்சள் வேன்காரர் பெருந்தன்மையாகத் தலையாட்டினார். "உன் வண்டியையும் எடுத்துக்கறேம்மா. மஞ்சள் அடிச்சுட்டா போச்சு" என்றார்.

திரும்பும்போது தங்கச்சி ஓட்டினாள். முன்னுரை பக்கத்து சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் காலி சீட்டுகள் குலுங்கின. பெரிய சாலை வந்ததும் அவள் கேட்டாள்.

"அந்த ஆளுக்கு நீ என்னண்ணா சொல்லிக் கொடுத்த?"

"எல்லாருக்கும் சொல்றதுதான்."

"உனக்கு மட்டும் ஏன் அத சொல்லிக்கல?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிக்னலில் வண்டி நின்றது. பக்கத்தில் ஒரு ஆள் சைக்கிளில் கண்ணாடித் தகடு ஒன்றைப் பிடித்துக்கொண்டு, காலை ஊன்றி நின்றிருந்தார்.

"மழைக்காலத்துல அந்த மாப்பிள்ளை என்கிட்ட வந்தாரு" என்றாள் தங்கச்சி, அந்தக் கண்ணாடிக்காரரையே பார்த்தபடி. "மாமனாருக்கு ஒரு ஆப் எழுதறேன், உங்க வண்டிக்கும் சேர்த்தே எழுதித் தந்துடறேன், எனக்கு ஒண்ணும் கூட வேலை இல்லன்னாரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? வேண்டாங்க, எங்கண்ணன் எழுதிக்கிட்டு இருக்காரு, எங்கண்ணனுக்குத் தெரியாத கம்ப்யூட்டர் இல்லன்னேன். இத நான் பெருமையா சொன்னேண்ணா. அவர் ரெண்டு தடவ கேட்டாரு. ரெண்டு தடவையும் சொன்னேன்."

மன்னிச்சுடும்மா என்று சொல்லத்தான் முன்னுரை வாயைத் திறந்தார். அந்தச் சொல் நெஞ்சு வரைக்கும் வந்துவிட்டது, சத்தியமாக வந்துவிட்டது. ஆனால் இருபது வருஷமாகச் சிவப்பு வரியைப் பார்த்ததும் அட்டையைப் பார்த்துப் பழகிய வாய் அது.

"நீ சரின்னு சொல்லியிருக்கலாமே" என்றார்.

சிக்னல் விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். தங்கச்சி வண்டியை எடுத்து, சாலையைத் தாண்டியதும் ஓரமாக நிறுத்தினாள். குனிந்து அவர் பக்கத்துக் கதவைத் தானே திறந்துவிட்டாள்.

"இறங்குங்க" என்றாள்.

அவர் இறங்கினார். அவள் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். வீட்டுக்கு இன்னும் நெடுந்தூரம் இருந்தது. முன்னுரை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.